'கொன்ஃபிளிக்ட்' என்ற சொல்லுக்குள் எங்கட இடம்

கடந்த முப்பது நாற்பது வருடங்களில் எங்கட கரையோரத்துக்கு வந்து சேர்ந்த ஆங்கிலச் சொற்களுள் 'கொன்ஃபிளிக்ட்' முக்கியமான ஒன்று. கச்சேரிப் படிவத்தில் அது இருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகையிலும், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும், சமாதான ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. தமிழில் அதை மோதல் என்கிறார்கள், முரண்பாடு என்கிறார்கள், இனப்பிரச்சினை என்றும் சொல்கிறார்கள். கல்முனைக்குடியில் கரைவலை இழுக்கிற ஒரு மனிதருக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய வாழ்க்கை எந்தக் கோப்பில் ஏறும், எந்தக் கோப்பில் ஏறாது என்பதை இந்தச் சொல் பல தடவை தீர்மானித்திருக்கிறது. அது எங்கே பிறந்தது, இலங்கைக்கு வந்து என்ன செய்தது, அதற்குள் முஸ்லிம்களுக்குக் கிடைத்த இடம் என்ன என்பதைப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வேரில் மூன்று சொற்கள்

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஃபிளிகெரே' என்றால் அடித்தல். 'கொன்' என்ற முன்னொட்டு 'சேர்ந்து, ஒன்றோடொன்று' என்ற பொருளைத் தரும். இரண்டும் சேர்ந்தால் ஒருவரோடொருவர் அடித்துக்கொள்ளுதல். ஆங்கிலத்தில் இச்சொல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. அப்போது அதன் பொருள் சண்டை, ஆயுதம் ஏந்திய மோதல். மனதுக்குள் நடக்கும் போராட்டம், கருத்து வேறுபாடு, நலன்களின் இழுபறி என்ற பொருள்கள் எல்லாம் பிறகு வளர்ந்தவை.

அதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னும் இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. 'இன்ஃபிளிக்ட்' என்றால் ஒருவர் மேல் அடியை இறக்குதல், துன்பத்தைச் சுமத்துதல். 'அஃபிளிக்ட்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு அடித்து வீழ்த்துதல் என்பது பொருள். அதிலிருந்துதான் துன்பத்தில் ஆழ்த்துதல், நோயாலும் கவலையாலும் வருத்துதல் என்ற பொருள்கள் வந்தன. மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே அடிதான். முன்னொட்டு மட்டும் மாறுகிறது. அது மாறும்போது அடித்தவன் யார், பட்டவன் யார் என்ற கணக்கும் மாறிவிடுகிறது.

தமிழில் இதை விளங்குவது கஷ்டமில்லை. 'அடித்துக்கொண்டார்கள்' என்பது ஒன்று. 'அடித்தார்கள்' என்பது இன்னொன்று. 'அடிபட்டார்கள்' என்பது மூன்றாவது. முதல் சொல்லில் இரு பக்கமும் கை ஓங்கியிருக்கிறது. அடுத்த இரண்டில் ஒரு கைதான் ஓங்கியது. நடந்தது இரண்டாவதாக இருக்கும்போது முதல் சொல்லைப் பாவித்தால் அடிபட்டவனுக்கும் ஒரு கை முளைத்துவிடும். அவனும் ஏதோ செய்திருக்கத்தான் வேணும் என்ற எண்ணம் கேட்பவரிடம் தானாகவே வந்துவிடும்.

யுத்தம் என்ற சொல் பின்வாங்கிய காலம்

சாதாரணச் சொல்லாக இருந்த கொன்ஃபிளிக்ட், சட்டச் சொல்லாகப் பெரிய இடத்தைப் பிடித்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு. 1949 ஓகஸ்ட் 12இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஜெனீவா உடன்படிக்கைகளில் 'ஆயுத மோதல்' என்ற தொடர் அடிப்படையானது. இதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. 'யுத்தம்' என்றால் அதை ஓர் அரசு பிரகடனம் செய்ய வேண்டும் என்ற பழைய விளக்கம் இருந்தது. பிரகடனம் செய்யாமலே ஆட்களைக் கொன்றுவிட்டு, இது யுத்தமே இல்லை, ஆகவே யுத்தச் சட்டம் பொருந்தாது என்று அரசுகள் தப்பிக்க முடிந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பெயர் எதுவானாலும் நடப்பதை வைத்து அளக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது.

நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் மோதலைப் பற்றிப் பேசுகிறது. மோதலின் ஒவ்வொரு 'தரப்பும்' என்ன செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. சண்டையில் பங்கெடுக்காதவர்களைக் கொல்லக் கூடாது, சித்திரவதை செய்யக் கூடாது, பணயமாகப் பிடிக்கக் கூடாது. ஆக, 'தரப்பு அல்லாதவன்' என்பது இந்தச் சட்டத்தில் ஒரு கேடயம். நீ சண்டைக்காரன் இல்லை, ஆகவே உன் மேல் கை வைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எங்கட விசயத்தில் இதே கேடயம்தான் பூட்டிய கதவாகவும் மாறியது.

அடுத்த பத்து ஆண்டுகளில் இச்சொல் பல்கலைக்கழகத்துக்குள் போனது. 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முரண்பாட்டுத் தீர்வுக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கியது. 1959இல் ஒஸ்லோவில் யோஹான் கால்டுங் சமாதான ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டோடு எதிரெதிரே நின்ற காலம் அது. ஏறத்தாழச் சம பலமுள்ள இரு பெரும் சக்திகளை மனதில் வைத்து வளர்ந்த துறையில், இரண்டு தரப்பு, நடுவில் ஒரு மத்தியஸ்தர், ஒரு மேசை என்ற படம் இயல்பாகவே உருவானது. பின்னாளில் நோர்வே இலங்கைக்கு மத்தியஸ்தம் செய்ய வந்தபோது கூடவே வந்ததும் இந்தப் படம்தான்.

இலங்கையில் இரண்டு பக்கம் மட்டும்

முஸ்லிம்களுக்கு நடந்தவற்றுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கப்பட்டதில் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1915 மே 28 இரவு, வெசாக் காலத்தில் கண்டியில் தொடங்கி மேற்கு, தென்மேற்குப் பகுதிகளுக்குப் பரவிய தாக்குதலில் 4,000க்கு மேற்பட்ட முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. 80க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. ஆங்கில அரசு இதற்கு வைத்த பெயர் 'ரயட்ஸ்', தமிழில் கலவரம். 'ரயட்' என்பதும் பழைய பிரெஞ்சு மொழியில் சச்சரவு, வாய்ச்சண்டை என்ற பொருளில் இருந்த சொல்தான். சட்டத்தில் அது அரசின் அமைதிக்கு எதிரான குற்றம். அதில் முதலில் காயப்படுவது அமைதி; கடைக்காரர் அதற்குப் பிறகுதான். ஆளுநர் சேர் ரொபர்ட் சால்மர்ஸ் ஜூன் 2இல் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். அதன் பெயரில் சிங்கள மக்கள் மேல் நடந்த கொடுமைகள் உண்மையானவை. ஹென்றி பேதிரிஸ் சுடப்பட்டது அநீதிதான். ஆனால் நாட்டின் பொது நினைவில் 1915 என்றால் முதலில் வருவது இராணுவச் சட்டமும் சிறைக்குப் போன தலைவர்களும். கடை எரிந்தவர்கள் அந்தக் கதையின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

1983 ஜூலைக்குப் பிறகு 'இன மோதல்' என்ற தொடர் இலங்கையின் நிரந்தரப் பெயர்போல உலகப் பத்திரிகைகளில் ஒட்டிக்கொண்டது. அதில் இனம் என்றால் சிங்களம், தமிழ் என்ற இரண்டு. கிழக்கில் அப்போது மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட இருந்தவர்கள் முஸ்லிம்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழர் என்ற அரசியல் அடையாளத்துக்குள் தங்களை வைக்காதவர்கள். 'ஒன்றோடொன்று' என்று இரண்டைத் தேடுகிற சொல்லுக்கு இந்த மூன்றாவது ஆளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இதை மூன்று ஆவணங்களில் தெளிவாகப் பார்க்கலாம்.

முதலாவது, 1987 ஜூலை 29இல் ஜே. ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் ஒப்பமிட்ட இந்திய - இலங்கை ஒப்பந்தம். அதன் முன்னுரை சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என நான்கு இனங்களைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. பெயர் சொன்னார்கள், கேட்கவில்லை. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டபோது கிழக்கில் மூன்றிலொரு பங்காக இருந்த சமூகம், இணைந்த மாகாணத்தில் ஆறிலொரு பங்களவாகச் சுருங்கியது. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம். எச். எம். அஷ்ரஃப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ் அக்காலத்தில் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இரண்டாவது, 2002 பெப்ரவரியில் ஒப்பமான யுத்தநிறுத்த ஒப்பந்தம். ஒரு பக்கம் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, மறுபக்கம் வே. பிரபாகரன். அதன் முன்னுரையில் முஸ்லிம்கள் வருகிறார்கள். மோதலில் நேரடித் தரப்பாக இல்லாத குழுக்களும் அதன் விளைவால் துன்பப்படுகிறார்கள், குறிப்பாக முஸ்லிம் மக்கள் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆகவே மக்களின் பாதுகாப்பு, உடைமை பற்றிய ஏற்பாடுகள் எல்லாருக்கும் பொருந்தும் என்கிறது. மேலோட்டமாகப் படித்தால் நல்ல வசனம்தான். ஜெனீவாவின் கேடயம் இங்கேயும் தெரிகிறது. ஆனால் இது சண்டைச் சட்டம் மட்டுமல்ல, அரசியல் பேச்சுக்கான வாசலும் கூட. நீங்கள் நேரடித் தரப்பு இல்லை என்று எழுதியாயிற்று. ஆகவே மேசையில் உங்களுக்குத் தனிக் கதிரை இல்லை. உயிரைக் காப்பாற்றத் தந்த அதே சொல் உரிமை கேட்கும்போது வாயை அடைத்தது.

மூன்றாவது, சுனாமிக்குப் பிறகு 2005 ஜூன் 24இல் ஒப்பமான பொதுக்கட்டமைப்பு. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் நடந்ததை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடலுக்கு மோதலும் தெரியாது, தரப்பும் தெரியாது. ஆனாலும் நிவாரணத்துக்கான உடன்பாடு அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலேயே ஒப்பமானது. பிராந்தியக் குழுவின் பத்துப் பேரில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, சிங்களவருக்கு இரண்டு இடம் என்று இருந்தது. ஒப்பமிடும் இடத்தில் முஸ்லிம்கள் இல்லை. சில வாரங்களில் உயர் நீதிமன்றம் இதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அது வேறு கதை. ஒரு சொல் உருவாக்கிய இரு தரப்புப் படம் கடல் கொண்டுபோன மையித்துகளின் கணக்குக்குள்ளும் வந்து உட்கார்ந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த அடைப்பை முஸ்லிம்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2002 ஏப்ரல் 13இல் ரவூஃப் ஹக்கீம் வன்னிக்குப் போய்ப் பிரபாகரனோடு ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டார். அடுத்த ஜூன் மாதமே மூதூரிலும் வாழைச்சேனையிலும் வன்செயல் வெடித்தது. செப்டெம்பரில் தாய்லாந்தில் நடந்த முதற்சுற்றுப் பேச்சுக்கு ஹக்கீம் போனார். ஆனால் அரசாங்கக் குழுவில் ஒருவராகத்தான். 2003 ஜனவரி 29இல் தென்கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒலுவில் பிரகடனம் வந்தது. முஸ்லிம்கள் தனியான ஒரு தேசியம், அவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று அது சொன்னது. 'தனித்தரப்பு' என்ற கோரிக்கை பதவிக்கான ஆசை என்று அப்போது கேலி செய்யப்பட்டது. சொல்லின் வேரைப் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும். அடி வாங்கிய கணக்கில் மட்டும் பேர் இருந்து, பேசும் கணக்கில் பேர் இல்லாதிருந்த ஒரு சமூகம் கேட்ட கேள்வி அது.

1990ஐ எந்தச் சொல்லில் எழுதுவது?

மேலே சொன்ன மூன்று சொற்களையும் வைத்துக்கொண்டு 1990ஐப் பார்ப்போம்.

அந்த வருடம் ஜூன் 11இல் புலிகள் கிழக்குப் பொலிஸ் நிலையங்களைச் சுற்றி வளைத்தார்கள். சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொண்டுபோய்ச் சுடப்பட்டார்கள். கல்முனைப் பொலிஸ் நிலையத்தில் இருந்த சிங்களவரும் முஸ்லிம்களும் அதில் அடக்கம். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் சுமார் எழுபது, எண்பதாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

சுஜூதில் இருந்தவர் யாரோடு அடித்துக்கொண்டார்? யாழ்ப்பாணத்தில் கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் எந்த மோதலில் நின்றார்? இவை இன்ஃபிளிக்ட் செய்யப்பட்டவை. அந்த மக்கள் அஃபிளிக்ட் செய்யப்பட்டவர்கள். இதை 'தமிழ் - முஸ்லிம் மோதலின் ஒரு கட்டம்' என்று எழுதும் ஆய்வாளர் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் அவருடைய முன்னொட்டு பிழை.

எங்கட சொற்கள் என்ன சொல்கின்றன?

எங்கட சனம் இந்தக் காலத்துக்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள். 'பிரச்சினைக் காலம்' என்பார்கள். 'பிரச்சினைக்கு முன்ன கட்டின வீடு', 'பிரச்சினைல மௌத்தானவர்', 'பிரச்சினையோட வட்டையும் போச்சு' என்று கணக்குச் சொல்வார்கள். சின்னதாக ஏதும் நடந்தால் 'கரைச்சல்'. பிரச்சினை என்பது வடமொழியின் 'பிரச்ன' என்ற சொல். அதற்கு மூலப்பொருள் கேள்வி. தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, பதில் கிடைக்காத ஒரு கேள்வியின் பேரில்தான் அந்தக் காலம் எங்கட வாயில் நிற்கிறது. ஆனால் அந்தச் சொல்லிலும் ஒரு குறை உண்டு. அது பயத்தில் பிறந்த சொல். யார் செய்தது என்று வாய்விட்டுச் சொன்னால் உயிருக்கு உத்தரவாதமில்லாத காலத்தில், எழுவாய் இல்லாமல் பேச அது உதவியது. இன்றும் அதே சொல்லோடு நின்றால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவது புயலைப்போலத் தானாக வந்து போன ஏதோ ஒன்றின் கதைதான்.

மத்ரஸாவில் படித்தவர்களுக்கு அரபு இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். இன்றைய அரபில் மோதலுக்குப் பாவிக்கும் 'நிஸாஃ' என்ற சொல் இழுத்தல் என்ற வேரிலிருந்து வருகிறது. ஒரு பொருளை ஆளுக்காள் இழுபடுவது. அதுவும் கொன்ஃபிளிக்ட் மாதிரி இரண்டு பேர் தேவைப்படுகிற சொல். 'ஃபித்னா' பொன்னை நெருப்பில் இட்டுச் சோதிப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. உஸ்மான் (ரழி) அவர்கள் ஷஹீதாக்கப்பட்ட பின் உம்மத்துக்குள் வந்த பிளவுக்கு வரலாற்றாசிரியர்கள் வைத்த பேர் அதுதான். 'ளுல்ம்' அப்படியில்லை. ஒன்றை அதன் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைப்பது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்த வேரிலிருந்து வரும் 'ளாலிம்' செய்தவன், 'மள்லூம்' செய்யப்பட்டவன். இஸ்முல் ஃபாஇலையும் இஸ்முல் மஃப்ஊலையும் மாற்றிப் போட முடியாது. சொல்லின் அமைப்பே கணக்கை நேராக வைத்திருக்கிறது.

தராசு எங்கட பக்கமும் திரும்ப வேணும்

இந்த அளவுகோலை மற்றவர்களுக்கு மட்டும் பிடித்தால் அது ஆய்வு இல்லை, வழக்குப் பேச்சு. 1985 ஏப்ரலில் காரைதீவுத் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. எரித்தவர்களுள் முஸ்லிம்கள் இருந்தார்கள். அரச படைகளின் துணை அதற்குப் பின்னால் இருந்தது என்பது உண்மையாக இருந்தாலும் தீ வைத்த கை கைதான். 1990இல் இராணுவம் கல்முனையைத் திரும்பப் பிடித்தபோது தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அதே ஓகஸ்டில் வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவற் படையினரும் அதில் நின்றார்கள் என்பது அந்த மக்களின் சாட்சியம். அவர்களும் அடித்துக்கொண்டவர்கள் அல்ல, அடிபட்டவர்கள். காத்தான்குடிக்கு இன்ஃபிளிக்ட் என்றும் வீரமுனைக்கு 'அந்த நேரத்து மோதல்' என்றும் எழுத எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் நடந்ததும் அதே வரிசைதான். செய்தவர்கள் எங்கட பேரைத் தாங்கியவர்கள்; ஜெபத்தில் நின்றவர்கள் எங்களோடு எந்தச் சண்டையிலும் இருக்கவில்லை. மள்லூமுடைய துஆவுக்கு அஞ்சுங்கள் என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மள்லூம் எப்போதும் முஸ்லிமாகத்தான் இருப்பார் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அதேபோல, கொன்ஃபிளிக்ட் என்ற சொல் நேராகப் பொருந்துகிற இடமும் எங்கட ஊரிலேயே உண்டு. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் தமிழ் மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். முஸ்லிம்கள் எல்லை, நிலத்தொடர்பு என்று மறுபேச்சுப் பேசினார்கள். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை கேட்டபோது முஸ்லிம்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் ஆனது. இவற்றில் இரு பக்கமும் கை இருக்கிறது, இரு பக்கமும் நியாயம் இருக்கிறது, இழுபடும் பொருள் ஒன்று. இதற்குப் பேர் மோதல், நிஸாஃ. இதற்கு மேசையும் வரைபடமும் விட்டுக்கொடுப்பும் போதும். இதைப் போய் 'எங்களுக்குச் செய்த ளுல்ம்' என்று மேடையில் கத்துவது, காத்தான்குடியை மோதல் என்று எழுதுவதைப்போலவே பெரிய பிழை. முன்னது தீரக்கூடிய தகராறைத் தீராத பகையாக்கும். பின்னது குற்றத்தைத் தகராறாகக் கரைத்துவிடும்.

ஆகவே சொல்லைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதை அதன் இடத்தில் வைத்தால் போதும். கிராமத்து வரலாறு எழுதுகிற எங்கட இளைஞர்கள், வயதானவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிகிற ஆசிரியர்கள், பள்ளிவாசல் ஆவணம் தொகுக்கிறவர்கள் எல்லாரும் 'பிரச்சினை' என்றோ 'மோதல்' என்றோ ஒரு சொல்லைக் கேட்கும்போது அங்கே நிற்காமல் இன்னும் நாலு கேள்வி கேட்க வேணும். எந்தத் திகதி, எந்த இடம், யார் செய்தது, யாருக்கு நடந்தது? அந்த நாலும் எழுதப்பட்ட பிறகு எந்தப் பெயர் பொருந்தும் என்பது தானாகவே தெரியும். பிரச்சினைக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் வருசத்துக்கு வருசம் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவங்கட பதில் இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு மிஞ்சப்போவது படிவத்திலே இருக்கிற அந்த ஆங்கிலச் சொல் மட்டும்தான்.